தம்பியின் மகாதமனி

சென்ற ஆவணியில், மாடிப்படி ஏறும்போது என் தம்பிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வயது 46, உடல் எடை கூடியதுதான் காரணம் என்று எல்லோரும் நினைத்தோம். எக்கோ எடுத்துப் பார்த்தபோதுதான், இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் மகாதமனியின் வாயில் மூன்று இதழ்களோடு இருக்க வேண்டிய வால்வு அவனுக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்களோடு அமைந்திருப்பதும், அது சரியாக மூடாததால் வெளியேறிய இரத்தத்தில் ஒரு பகுதி இதயத்துக்கே திரும்பி வருவதும் தெரிந்தது. நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இத்தகைய வால்வு அமைவதுண்டு.

வால்வை மட்டும் மாற்றிவிடுவார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்த எங்களை அடுத்து வந்த சி.டி. ஸ்கேன் கலங்க வைத்தது. வால்வுக்கு மேலே மகாதமனி 5.6 சென்டிமீட்டர் அளவுக்கு விரிந்திருந்தது. இரட்டை இதழ் வால்வு உள்ளவர்களுக்குத் தமனியின் சுவரும் பலவீனமாக இருக்கக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். "வலியே இல்லாத ஒன்றுக்காக நெஞ்சைப் பிளக்க வேண்டுமா?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். மகாதமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. விரிந்து மெலிந்த சுவரில் உள்ளடுக்கு கிழிந்தால், இரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து தமனியை நீளவாக்கில் பிரித்துக்கொண்டே போகும். அதன் பிறகு கழியும் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு ஆபத்து. 5.5 சென்டிமீட்டரைத் தொட்டதுமே அறுவை சிகிச்சை செய்துவிடுவது அதனால்தான். இதை அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு நாட்கள் ஆயின.

அவனுக்குச் செய்தது பெண்டால் அறுவை சிகிச்சை. 1968இல் லண்டனில் ஹ்யூ பெண்டாலும் ஆண்டனி டி போனோவும் வெளியிட்ட முறை அது. மார்பெலும்பை நடுவே பிளந்து, இரத்தத்தை இதய நுரையீரல் இயந்திரத்துக்குத் திருப்பி, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி இதயத்தை நிறுத்துகிறார்கள். பிறகு பழுதான வால்வையும் விரிந்த தமனியையும் அகற்றிவிட்டு, வால்வு பொருத்திய டாக்ரான் என்ற செயற்கை இழைக் குழாயை அங்கே தைக்கிறார்கள். என்னை வியக்க வைத்தது அடுத்த படிதான்: இதயத்துக்கே இரத்தம் ஊட்டும் இரண்டு கொரோனரி தமனிகளும் மகாதமனியின் அடியிலிருந்துதான் கிளைக்கின்றன என்பதால், அவற்றின் வாய்களைச் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தமனிச் சுவரோடு வெட்டியெடுத்துப் புதிய குழாயில் பொருத்த வேண்டும். அந்தத் தையல் சிறிது பிசகினாலும் இதயத் தசைக்கு இரத்தம் கிடைக்காது. தம்பியை உள்ளே அழைத்துச் சென்று ஏழு மணி நேரம் கழித்துத்தான் மருத்துவர் வெளியே வந்தார்.

உலோக வால்வா, விலங்குத் திசுவால் செய்த திசு வால்வா என்ற முடிவை மட்டும் எங்களிடமே விட்டிருந்தார்கள். திசு வால்வு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்துவிடக்கூடும் என்பதால், இன்னொரு முறை நெஞ்சைத் திறக்க மனமில்லாமல் தம்பி உலோக வால்வையே தேர்ந்தெடுத்தான். அதற்கு ஈடாக, இரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுவதும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிட வேண்டும், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு அவனுக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே இருக்க வேண்டும். கீரை அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடும் என்றாலும் அதை அறவே விடச் சொல்லவில்லை, வாரந்தோறும் ஒரே அளவில் சாப்பிடச் சொன்னார்கள். அம்மா இப்போது கீரையைக் கிண்ணத்தால் அளந்துதான் பரிமாறுகிறார்.

இந்தக் குறை குடும்ப வழியாக வரக்கூடும் என்பதால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் எக்கோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். என் வால்வில் மூன்று இதழ்கள் இருக்கின்றன. தம்பி மகனை முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அழைத்துப் போகிறோம்.