மதியம் ஒரு மணிப் பூசை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் பாப்டிஸ்ட் என்னும் புராட்டஸ்டன்ட் சபைகளின் மண். கத்தோலிக்கர்கள் இங்கே நெடுங்காலம் சிறு கூட்டம்தான். தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த எனக்கு, ராலே நகரின் ஆங்கிலப் பூசை ஒட்டவே இல்லை. எல்லோரும் சிரிப்பார்கள், கைகொடுப்பார்கள். பத்தே நிமிடத்தில் கார்கள் எல்லாம் கிளம்பிவிடும்.

வேலை நேரம் மாறியதால் மதியம் ஒரு மணி ஸ்பானிஷ் பூசைக்குப் போகத் தொடங்கினேன். உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் ஆண்கள், பெஞ்சுகளுக்கு நடுவே ஓடும் குழந்தைகள், அந்த இரைச்சலையும் மீறிப் பிரசங்கம். பூசை முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகிற வழியாக இல்லை. சொல் புரியாவிட்டால் என்ன, எப்போது முழந்தாளிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

கட்டட வேலை, கோழி ஆலை, சர்க்கரைவள்ளிக் கிழங்குத் தோட்டம் என்று பிழைக்க வந்தவர்கள் இவர்கள். இந்த மாநிலத்தில் 1990இல் 77 ஆயிரத்தைக்கூடத் தொடாத லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்கள்தொகை, 2020 கணக்கெடுப்பில் 11 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2017இல் ராலே மறைமாவட்டத்துக்கு ஆயராக வந்த லூயிஸ் ரஃபாயேல் சராமாவும் கொலம்பியாவின் பாஸ்தோ ஊரில் பிறந்தவர்தான். இத்தனை இருந்தும் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயில் வட்டாரத்தில், ஸ்பானிஷ் பூசைக்குக் கிடைத்தது யாருக்கும் வேண்டாத நேரம்: சாப்பாட்டு வேளை.

காரணம் பங்கின் பதிவேட்டில் இருக்கிறது. நம் கடற்கரை ஊர்களில் தலைக்கட்டு வரி பாக்கி வைத்தவனுக்குக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கத் தயங்குவார்கள். இங்கே வரி இல்லை. ஆனால் பங்கு அலுவலகத்தில் முகவரி எழுதிப் பதிவு செய்து, வாரம்தோறும் பெயர் போட்ட காணிக்கை உறையைப் போட வேண்டும். ஞானத்தகப்பனாக நிற்கச் சான்றிதழ் கேட்டால், பதிவு உண்டா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். மெக்சிகோக்காரருக்கோ குவாத்தமாலாக்காரருக்கோ இது விளங்குவதில்லை. ஊரில் குடியிருந்தாலே பங்குக்காரர் என்பது அவர்கள் வழக்கம். குடியேற்றத் தாள் இல்லாதவர்களுக்கு எங்கேயும் முகவரி எழுதிக் கொடுப்பதே பயம். ஆகவே ஏட்டில் அவர்கள் கொஞ்சம். ஏட்டைப் பார்த்தே பங்குப் பேரவை நிதி ஒதுக்குகிறது. ஞானோபதேச வகுப்புக்கு ஆசிரியர் போதவில்லை. அவர்கள் பதிவு செய்யாததற்குச் சோம்பல் என்று பெயர் வைத்த ஆங்கிலப் பூசைக்காரர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

மாற்றம் வந்தது ஒரு மேசையால். பூசை முடிந்ததும் வாசலில் மேசை போட்டு, அவர்களுக்குள்ளேயே எல்லோரும் நம்பும் ஒரு பெண்மணியை உட்கார வைத்தார் பங்குத்தந்தை. பெயரும் தொலைபேசி எண்ணும் போதும், முகவரி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். வரிசை கோயிலுக்குள் வரை நீண்டது.

டிசம்பர் 12 குவாதலூப்பே மாதா திருவிழா. 1531இல் மெக்சிகோவின் தெபேயாக் குன்றில் ஹுவான் தியேகோ என்ற பூர்வகுடி ஏழைக்கு மாதா காட்சி கொடுத்ததாக நம்பிக்கை. 2002இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். முந்தின இரவே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கடுங்குளிரில், கார் நிறுத்தும் இடத்தில், இறகுக் கிரீடமும் காலில் சலங்கையுமாக ஆடுகிறார்கள். கைக்குழந்தைகளுக்கு மையால் மீசை வரைந்து ஹுவான் தியேகோ வேடம் போட்டிருப்பார்கள்; அழுதழுது அந்த மீசை கன்னமெல்லாம் இழுகியிருக்கும். நள்ளிரவில் மாதாவுக்குப் பிறந்தநாள் பாட்டு. அப்புறம் சோள மாவும் சாக்லேட்டும் சேர்த்துக் காய்ச்சிய சூடான சாம்பூராதோ. அந்த வரிசையில் நின்றபோது ஒரு பாட்டியம்மாவிடம், வேளாங்கண்ணியில் பால் கொண்டுபோன சிறுவனுக்கும் மோர் விற்ற கால் ஊனமுற்ற பையனுக்கும் மாதா தோன்றிய கதையை அரைகுறை ஸ்பானிஷில் சொன்னேன். அவர் வியக்கவே இல்லை. ஏழைப் பிள்ளைகளிடம் வராமல் வேறு யாரிடம் வருவாள் என்று கேட்டுவிட்டு, இன்னொரு குவளையை என் கையில் கொடுத்தார். வாஷிங்டன் தேசியத் திருத்தலத்தில் இரண்டு மாதாக்களுக்குமே சிற்றாலயம் உண்டு என்றதற்குத்தான் ஆச்சரியப்பட்டார்.

இந்த ஆண்டு செப்டம்பர் 8க்கு வேளாங்கண்ணித் திருவிழா வைக்க நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து அனுமதி கேட்டிருக்கிறோம். கொடிமரத்துக்கு என்ன செய்வது என்று விழித்தபோது, ஹோண்டுராஸ்காரக் கொத்தனார் ஒருவர் தானே நட்டுத் தருவதாகச் சொன்னார். குவாதலூப்பே குழுவினர் சமையல் தங்கள் பொறுப்பு என்கிறார்கள். பிரியாணியா, சோள மாவில் அவிக்கும் தமாலேயா என்பதில்தான் இன்னும் முடிவு எட்டவில்லை. அலுவலகம் கொடிமரத்துக்குக் காப்பீட்டுப் படிவம் கேட்கிறது.