அரை மில்லிமீட்டர்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உள்ள பட்டறை வாசலில் நின்றபடி அங்கிள் சொன்னதை எத்தனை முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. "சிலிக்கோன்லயும் செஞ்சு பாத்தேன் தம்பி. பள்ளத்த அரை மில்லிமீட்டர் கொறச்சா அதுவும் நல்லா ஓடுது." நான் காரில் ஏறிவிட்டிருந்தேன். "சரி அங்கிள், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிக் கிளம்பினேன்.

அவர் உருவாக்கியது, சர்க்கரை ஆலையில் கரும்புச்சாறு இறைக்கும் பம்பின் தண்டில் மாட்டும் சீல் வளையம். சாற்றோடு வரும் மணல் வளையத்தை அரித்துவிடுகிறது என்பதால், அதன் உள்விளிம்பில் சாய்வாகப் பள்ளங்கள் வெட்டியிருந்தார். அழுத்தம் ஏறும்போது விளிம்பு லேசாக வளைந்து மணலை வெளியே தள்ளும். அதற்கான காப்புரிமை விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்தவன் நான். கண்டுபிடிப்பை விவரிக்கும் விளக்கவுரையில் நான் எழுதியது நைட்ரைல் ரப்பர் ஒன்றைத்தான், அதுவும் ஒரே ஆழத்துப் பள்ளத்தோடு. எதற்கெல்லாம் உரிமை வேண்டும் என்று கேட்கும் முதல் உரிமைக்கோரிக்கையிலோ "நெகிழும் பொருளால் ஆன வளையம்" என்று அகலமாகக் கேட்டிருந்தேன்.

நம் தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், 32(4)ஆம் பிரிவில், கோரிக்கைகள் விவரக்குறிப்பில், அதாவது விளக்கவுரையும் கோரிக்கைகளும் சேர்ந்த ஆவணத்தில், வெளிப்படுத்திய விஷயத்தை நியாயமான அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்கிறது. ஆனால் எங்கள் விண்ணப்பத்தைப் பிரிட்டோரியாவில் வடிவ அளவில் மட்டுமே சரிபார்த்தார்கள், உரிமை கிடைத்தது. ஐரோப்பாவில் ஆய்வாளர் கேட்டார்: எந்த நெகிழும் பொருளும் இப்படி வளையுமா, பொருள் மாறினால் பள்ளத்தின் ஆழம் எப்படி மாற வேண்டும்? அதற்கான பதில் அங்கிள் வாசலில் சொன்ன அந்த ஒரு வரி. ஆனால் அங்கே ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 84ஆம் சரத்து கோரிக்கைக்கு விளக்கவுரையின் ஆதரவைக் கேட்கிறது. 123(2)ஆம் சரத்தோ, தாக்கல் செய்தபோது விண்ணப்பத்தில் இல்லாததைப் பிறகு சேர்க்க விடுவதில்லை.

ஒரே எடுத்துக்காட்டு பொதுவான கோரிக்கையைத் தாங்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. துறை அறிந்தவர் அதிலிருந்து நியாயமாக விரித்துக்கொள்ள முடிந்தால் போதும் என்று நான் வாதாடினேன். இப்போதும் அந்த வாதத்தை முழுக்கத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் விளிம்பு எவ்வளவு வளையும் என்பது பொருளின் விறைப்பைப் பொறுத்தது என்பதை நானே அதே விளக்கவுரையில் எழுதியிருந்தேன். எழுதிய கையே மறுபடி கேட்டிருக்க வேண்டாமா? வாதம் எடுபடவில்லை, ஐரோப்பாவில் கோரிக்கை நைட்ரைல் ரப்பரோடு சுருங்கியது.

அங்கிள் வாசலில் அதைச் சொன்னது, தேதியைப் பிடித்துவைக்க முதலில் போட்ட தற்காலிக விண்ணப்பத்தின் பதினோராவது மாதத்தில். பன்னிரண்டு மாதம் கிடைப்பதே இப்படிப் பின்னால் தெரியவருவதை முழு விவரக்குறிப்பில் சேர்த்துக்கொள்ளத்தான். சிலிக்கோனுக்குப் பிந்திய தேதிதான் கிடைத்திருக்கும் என்றாலும், உள்ளே இருந்திருக்கும். இரண்டு பொருள்கள் இருந்துவிட்டால் எல்லா நெகிழும் பொருளுக்கும் ஆதரவு வந்துவிடுமா என்றால் உறுதியில்லை. ஆழத்துக்கும் விறைப்புக்கும் உள்ள உறவைச் சொல்லியிருந்தால், நடுவில் எங்காவது ஒரு நிலத்தைப் பிடித்து நின்றிருக்கலாம்.

இதை அவரிடம் சொல்லப் போனபோது, "நான் அன்னிக்கே சொன்னேனே தம்பி" என்றார். கோபம் இல்லை. "சொன்னீங்க அங்கிள்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கண்டுபிடிப்பைப் பற்றி அவர் நிரப்பித் தந்திருந்த படிவத்தைப் பையிலிருந்து எடுத்து, "வேறு எந்தப் பொருள்களில் செய்து பார்த்தீர்கள்" என்ற கேள்விக்கு எதிரே அவர் விட்டிருந்த வெற்றிடத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "சும்மா செஞ்சு பாத்ததையும் எழுதணும்னு எனக்குத் தெரியாதே" என்றார். படிவம் என்னைக் காப்பாற்றுவதற்காகவே இருப்பது. அன்று காப்பாற்றவும் செய்தது. ஆனால் வீட்டுக்கு வந்து பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோது, அந்தத் தேதியில் என் கையெழுத்தில் "சிலிக்கோன் – கேட்க" என்று இருந்தது. இதை இன்னும் அவரிடம் காட்டவில்லை.

இங்கே உள்ள காப்புரிமை இன்னும் அகலமாகவே நிற்கிறது. யாராவது 61ஆம் பிரிவின்கீழ் ரத்து கோரினால் அதே கேள்வி இங்கும் எழும். 51ஆம் பிரிவின்படி நாமே முன்கூட்டிச் சுருக்கிக்கொள்ளலாம் என்று சொன்னேன். "இங்க யாரும் கேக்கலியே, நாமளே எதுக்குக் கொறைக்கணும்?" என்று கேட்டார். காரணங்களை விளக்கினேன்; பொறுமையாகக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். திருத்த விண்ணப்பம் அவர் கையெழுத்துக்காக என் மேசையில் இருக்கிறது.