சக் பெர்ரியின் கடைசி ஆல்பம்

'சக்' ஆல்பத்தை இன்று மறுபடி முழுவதுமாகக் கேட்டேன். 1979-க்குப் பிறகு, இது வரும்வரை, அமெரிக்க ராக் அண்ட் ரோல் முன்னோடி சக் பெர்ரி புதிய ஸ்டுடியோ ஆல்பம் எதையும் வெளியிடவே இல்லை. 2016 அக்டோபர் 18, தன் 90-ஆவது பிறந்தநாளில் இதை அறிவித்தார். அடுத்த மார்ச்சில் காலமானார். ஜூனில் ஆல்பம் வந்தது.

வாசித்தவர்கள் பலரும் வீட்டு மனிதர்கள். மகன் சார்லஸ் கிதார், மகள் இங்க்ரிட் ஹார்மோனிகா. மற்றவர்கள் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள புளூபெரி ஹில் உணவகத்தில் ஆண்டுக்கணக்கில் அவருடன் மேடையேறிய குழுவினர். 'வொண்டர்ஃபுல் உமன்' பாட்டில் தாத்தா, மகன், பேரன் மூவரின் கிதாரும் சேர்ந்து ஒலிக்கிறது. எத்தனை பேருக்கு வாய்க்கும் இது!

என்னை ஆட்டிவைத்தது 'டார்லிங்'. வேகத்தை முழுக்கக் குறைத்துக்கொண்டு, அப்பாவுக்கு வயதாகிறது, தலை நரைக்கிறது என்று மகளிடம் சொல்கிறார். கூடச் சேர்ந்து பாடுவது அதே இங்க்ரிட். குரலில் கரகரப்பு இருக்கிறது. அதை மறைக்க அவர் முயலவே இல்லை. 'ஜானி பி. குட்' பாடி உலகத்தையே துள்ள வைத்த மனிதர் இவ்வளவு நிதானமாகப் பாடுவதைக் கேட்கும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது.

'ஜமைக்கா மூன்' மட்டும் மனதில் ஒட்டவில்லை. அவருடைய பழைய 'ஹவானா மூன்' அதைவிட எவ்வளவோ மேல். மற்றபடி, அறுபத்தெட்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி தெமெட்டாவுக்கு அவர் காணிக்கையாக்கிய ஆல்பம் இது. 'டார்லிங்' பாட்டையாவது இன்றிரவு கேட்டுவிடுங்கள்.