187 தோட்டாவும் ஒரு நீலத் துணியும்

துணி மறுபடியும் நீலமாகவே வந்தது. இரவு பதினொரு மணி, கொலராடோ ஸ்பிரிங்ஸில் என் வீட்டு கராஜ். புது ரைஃபிளில் அன்று சுட்டது மொத்தமே 5 தோட்டா. பேரலுக்குள், அதாவது குண்டு பாயும் குழாய்க்குள், குண்டின் செப்பு உறை படிந்திருந்தால் அமோனியா கலந்த கரைசல் அதைக் கரைத்து நீலமாக்கும். துணி வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். இதுதான் கணக்கு. பதினாலு துணி போட்டும் மயில் கழுத்து நிறம் போகவில்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்த மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, இந்நேரத்துல யாருக்கு ஹேர் டை?" என்றாள்.

காசு கொடுத்து வாங்கிய பேரல் உள்ளே சொரசொரப்பாக இருக்கிறது போல என்று நினைத்துப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. காலையில் காபியோடு போய் உட்கார்ந்தபோதுதான் துணியைத் தாங்கிப் பேரலுக்குள் தள்ளும் அந்தக் குட்டி முனை கண்ணில் பட்டது. பித்தளை! பித்தளையில் பாதிக்கு மேல் செப்புதானே. கரைசலை ஒரு சொட்டு அந்த முனை மேலேயே விட்டுத் துடைத்தேன். அதே நீலம். ராத்திரி முழுக்க நான் சுத்தம் செய்தது பேரலை அல்ல, என் சொந்தக் கருவியைத்தான். நிக்கல் முலாம் பூசிய முனை வாங்கி வந்து மாட்டினேன். மூன்றாவது துணி வெள்ளை.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன். ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் இருக்கும் இரும்புத் தகட்டைச் சுடுவதற்கென்றே ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளை நானே பாகம் பாகமாகச் சேர்க்க வேண்டும் என்று இரண்டு வருட ஆசை. இதே துல்லியம் கடையில் முழுசாக வாங்கினால் இன்னும் மலிவாகவே கிடைக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் லேத் பட்டறை வீட்டுப் பிள்ளை. கோவை கணபதியில் அப்பாவின் பட்டறையில் "இன்னும் ரெண்டு தவ் எடு" என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவன். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அளவில் வேலை செய்யும் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருப்பது எனக்கு ஒத்துவராது.

அமெரிக்கச் சட்டத்தின் கண்ணுக்கு இந்த வகை ரைஃபிளில் துப்பாக்கி என்பது ஆக்‌ஷன் மட்டும்தான், அதாவது போல்ட் முன்னும் பின்னும் ஓடும் அந்த இரும்புக் கூடு. வரிசை எண் அதில்தான் இருக்கும். எனவே அது உரிமம் பெற்ற கடைக்கு மட்டுமே வரும். அங்கே போய் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து, கொலராடோவில் 2023 அக்டோபரிலிருந்து உள்ள 3 நாள் காத்திருப்பும் கழிந்த பிறகு எடுத்து வந்தேன். மற்றதெல்லாம் சாதாரண பார்சல். பேரல் வந்த நீள அட்டைப் பெட்டியைத் திரைச்சீலைக் கம்பி என்று நினைத்து மனைவி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டாள், நான் ஒரு வாரம் கூரியர்காரரோடு சண்டை போட்டேன்.

ஆக்‌ஷன் ரெமிங்டன் 700 அமைப்பில் உள்ளது. 1962-இல் வந்த அந்த மாடலின் அளவுகளையே இன்று பல தயாரிப்பாளர்கள் பின்பற்றுகிறார்கள். டிவிஎஸ் 50-க்கு எந்த ஊரிலும் பாகம் கிடைப்பதுபோல ட்ரிக்கர், சேசிஸ் (ஆக்‌ஷனைத் தாங்கும் சட்டம்), ரயில் (ஸ்கோப் என்னும் குறிபார்க்கும் தொலைநோக்கி உட்காரும் பட்டை) எல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கும். பேரல் 24 அங்குலம், 416ஆர் ஸ்டெயின்லெஸ், உள்ளே 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும் பள்ளங்கள். குண்டு விநாடிக்கு 2,700 அடி வேகத்தில் வெளியேறும்போது நிமிடத்துக்கு 2,43,000 முறை சுழலும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நம்பாமல் மறுபடி ஒருமுறை போட்டேன். சரிதான்.

தோட்டா 6.5 க்ரீட்மோர். ஹார்னடி நிறுவனம் 2007-இல் அறிமுகப்படுத்தியது. உதை குறைவு, குண்டு நீளமாக ஒல்லியாக இருப்பதால் காற்றை நன்றாகக் கிழித்துக்கொண்டு போகும். க்ரீட்மோர் என்பது நியூயார்க்கில் இருந்த பழைய சுடுமைதானத்தின் பெயர். 1874-இல் அங்கே அயர்லாந்து அணியை அமெரிக்கர்கள் 934-க்கு 931 என்று மயிரிழையில் வென்றார்கள். அயர்லாந்துக்காரர் ஒருவர் அழகாக நடுப்புள்ளியில் அடித்தார், ஆனால் அடுத்தவருடைய இலக்கில். மதிப்பெண் பூஜ்யம். ரேஞ்சில் வரிசையாக ஒரே மாதிரி பலகைகள் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆள் ஞாபகம்தான் வரும்.

பேரலை ஆக்‌ஷனில் பொருத்தி, தோட்டா உட்காரும் அறையைக் கடைந்து, இடைவெளி சரியா என்று அளவுகோல் போட்டுப் பார்க்கும் வேலையை நான் தொடவில்லை. லேத் தெரியும் என்ற திமிர் இருந்தாலும், கன்னத்துக்கு நாலு அங்குலம் தள்ளி வெடிக்கப்போகும் சமாசாரம் இது. அதற்கென்று இருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து இரண்டு மாதம் காத்திருந்தேன். மீதி வேலை கராஜில். சேசிஸில் ஆக்‌ஷனை உட்காரவைத்து இரண்டு திருகையும் 65 அங்குல-பவுண்டுக்கு முறுக்கினேன். ஸ்கோப்பின் செங்குத்துக் கோடு சாயாமல் இருக்க வேண்டும். அதற்குத் தோட்டத்து மரத்தில் கொத்தனார் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அந்த நூலோடு கோட்டைப் பொருத்தினேன். கொலுவுக்குப் படி கட்டும்போது மட்டம் பார்க்க வாங்கியது. ரைஃபிள் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் ஆயிரம் கெஜத்துக்கு மேல் குண்டு அரை அடிக்கு மேல் பக்கவாட்டில் விலகும்.

எல்லாம் சேர்த்து ஸ்கோப்போடு 14 பவுண்டு. தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறும் சாமான் அல்ல. படுத்துக்கொண்டு சுட மட்டும்.

இனி பேரலைப் பழக்கும் விஷயம், அதாவது புதுப் பேரலை முதல் சில தோட்டாக்களில் சுட்டுச் சுட்டுத் துடைத்து வழிக்குக் கொண்டுவருவது. இதில் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பேரல் செய்யும் சிலர் சொல்லும் காரணம் இது: அறையைக் கடையும் ரீமர், குண்டு பள்ளங்களுக்குள் நுழையும் அந்த வாயில் குறுக்காகக் கீறல்களை விட்டுவிடும். குண்டின் செப்பு உறை அதில் உரசி, சூட்டில் ஆவியாகி, முன்னால் பேரல் சுவரில் போய்ப் படியும். எனவே முதலில் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒருமுறை செப்பைத் துடைத்துவிட்டால் அடுத்தடுத்த குண்டுகள் அந்தக் கீறலை நேரடியாகத் தேய்த்து வழவழப்பாக்கும். எதிர்க்கட்சி சொல்வது: வெறும் சடங்கு, சும்மா சுடு, தானாகத் தேயும்.

நான் நடுவழியில் போனேன். முதல் 5-க்கு ஒவ்வொன்றாகச் சுட்டுத் துடைத்தேன், அதன்பிறகு 5-க்கு ஒருமுறையாக 20 வரை, அப்புறம் விட்டுவிட்டேன். பலன் இருந்ததா? என்னிடம் இருப்பது ஒரே பேரல். துடைக்காமல் வளர்த்த தம்பி பேரல் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும். கையில் உணர்ந்ததை மட்டும் சொல்கிறேன்: முதல் துணியைத் தள்ளும்போது வாய்ப்பக்கத்தில் ஒரு சின்ன இழுவை இருந்தது, நனைந்த ஜரிகைப் புடவையை விரல் மேல் இழுத்தால் வருமே, அதுபோல. இருபதாவது தோட்டாவுக்குப் பிறகு அந்த இழுவை இல்லை. போட்டிக்கான மேட்ச் தோட்டா ஒன்று ஏறக்குறைய 2 டாலர், இந்த ரகப் பேரலின் துல்லிய ஆயுளே 2,500, 3,000 தோட்டாதான் என்பார்கள். எனவே பழக்குகிறேன் என்று ஐம்பது அறுபது சுடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த தடவைதான் உண்மையான தலைவலி. 100 கெஜத்தில் முதல் மூன்று சூடு ஒரே துளையில் விழுந்ததுபோல அரை அங்குலத்துக்குள். போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த மூன்று அதற்கு ஓர் அங்குலம் மேலே. அதற்கடுத்தது மறுபடி கீழே. தோட்டாவைச் சந்தேகப்பட்டேன், மூச்சைச் சந்தேகப்பட்டேன், ஸ்கோப்பைத் திருப்பி அனுப்பக் கடிதம்கூட எழுதிவிட்டேன். அனுப்பவில்லை, நல்லவேளை.

பக்கத்து மேஜையில் இருந்த நரைத்த மீசைக்காரர் என் போல்ட்டை இரண்டு முறை திறந்து மூடிவிட்டு, "ரயில் திருகைப் பார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வீட்டில் ஸ்கோப் உட்காரும் ரயிலைக் கழற்றினேன். முன்பக்கத் திருகின் நுனியில் ஒரு பளபளப்பு வட்டம், நகத்தின் பிறை அளவுக்கு. திருகு ஓர் இழை அளவுக்குக் கூடுதல் நீளம். துளைக்குள் இறங்கி, ரயிலை அழுத்துவதற்கு முன்பே பேரலின் மரையில் போய் முட்டி நின்றுவிட்டது. முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் 'டக்' என்று சத்தம் கொடுத்துவிட்டது, நானும் இறுகிவிட்டது என்று நம்பிவிட்டேன். திருகு இறுகியிருந்தது, ரயில் ஆடிக்கொண்டிருந்தது. அரத்தில் ஓர் இழையைத் தேய்த்து, பிசிறு எடுத்து, எண்ணெய் போகத் துடைத்து, திருகு கழலாமல் பிடிக்கும் லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டு மறுபடி முறுக்கினேன். அப்பாவிடம் போனில் சொன்னபோது, "திருகு மாட்டும்போது மொதல்ல வெறும் துளைல விட்டு அளந்து பாக்கணும்னு உனக்கு எத்தனை தடவை சொல்லிருக்கேன்" என்றார். அவர் சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து மூன்று சூட்டு போட்டோக்களை நிறுத்திவிட்டேன். பத்து சூடு ஒரே தாளில். என் ரைஃபிள் மூன்றில் 0.4 அங்குலம் காட்டும், பத்தில் 0.9. இரண்டாவது எண்தான் அதன் உண்மையான எண். பெருமையாகச் சொல்லிக்கொள்ள முதலாவது நன்றாக இருக்கும், ஆனால் ஆயிரம் கெஜத்தில் அந்த எண்ணை நம்பினால் எதுவும் படாது.

வேகமானி வைத்துத் தொடர்ந்து குறித்துக்கொண்டு வந்ததில் இன்னொன்று தெரிந்தது. ஆரம்பத்தில் சராசரி 2,690 அடி. நூறு தோட்டாவை நெருங்கும்போது அதே பெட்டி ரகத் தோட்டா மெல்ல ஏறி, 120 வாக்கில் 2,735-இல் நின்றுவிட்டது. புதுப் பேரல்கள் பல இப்படி ஏறும் என்று படித்திருந்தேன். நேரில் பார்ப்பது வேறு. முதல் நாள் வேகத்தை வைத்துத் தூரக் கணக்குப் போட்டு வைத்திருந்த அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன்.

கடைசியாக ராட்டன். வீட்டிலிருந்து ஐ-25 நெடுஞ்சாலையில் தெற்கே இரண்டரை மணி நேரம், ராட்டன் கணவாயைத் தாண்டினால் நியூ மெக்சிகோ. அங்கே விட்டிங்டன் சென்டர் என்ற 33,000 ஏக்கருக்கும் மேலான சுடுமைதானம். புல்வெளிக்கு அப்பால் மலைச்சரிவில் வெள்ளை அடித்த இரும்புக் காட்டெருமை ஒன்று நிற்கிறது, நிஜ அளவில். தூரம் 1,123 கெஜம். வெறும் கண்ணுக்கு அரிசிமணி.

அவ்வளவு தூரத்தில் குண்டு பேரலின் நேர்கோட்டிலிருந்து 35 அடிக்கும் மேல் கீழே விழும். கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் காற்று மெலிது என்பதால் கொஞ்சம் சலுகை உண்டு. தூரக் கணக்குப் போடும் செயலி 9.7 மில் காட்டியது (ஆயிரம் கெஜத்தில் ஒரு மில் என்பது ஒரு கெஜம்), ஸ்கோப்பில் திருகி வைத்தேன். குண்டின் சுழற்சியே அதை வலப்பக்கம் ஏறக்குறைய ஒரு சாண் தள்ளும், அதற்கு 0.2. மிச்சம் காற்று. மணிக்கு 5 மைல் குறுக்குக் காற்று அடித்தாலே மூன்று அடி. அதற்கு எந்தச் செயலியும் உதவாது. புல் எப்படிச் சாய்கிறது, கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு படுத்துக் கிடக்க வேண்டியதுதான்.

முதல் சூடு. எருமையின் மூக்குக்கு முன்னால் புழுதி. இரண்டாவது கொம்புக்கு மேல் பறந்தது என்று நினைக்கிறேன், புழுதியே தெரியவில்லை. கானல் ஓட்டம் கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்து மூன்றாவதை விட்டேன். குண்டு போய்ச் சேர ஒன்றே முக்கால் நொடிகூட ஆகாது, சத்தம் திரும்பி வர இன்னும் மூன்று நொடி. அதற்குள் நான் போல்ட்டைத் திறந்து, காலித் தோட்டா பாயில் விழுந்து உருண்டு நின்று, சரி இதுவும் போச்சு என்று நோட்டை எடுத்துவிட்டேன். அப்போதுதான் வந்தது, தூரத்துக் கோயில் மணியை யாரோ விரலால் சுண்டியதுபோல ஒரு சன்னமான 'டங்'.

மதியத்துக்குள் 20 சுட்டதில் 11 பட்டது. படாத ஒன்பதில் ஏழு பக்கவாட்டில் போனவை, அதாவது காற்றை நான் தப்பாகப் படித்தவை. மற்ற இரண்டும் ட்ரிக்கரை வெடுக்கென்று இழுத்தேன். இரண்டு மணிக்குப் பிறகு காற்று பேயாக அடித்ததால் பாயைச் சுருட்டினோம். நோட்டில் மொத்தக் கணக்கு 187. அன்றிரவு கராஜில் துடைத்தபோது முதல் துணி இளநீலம், இரண்டாவது அதைவிட வெளிர், மூன்றாவது வெள்ளை.