விரிவும் ஒடுக்கமும்: பாண்டோனியனுக்கு ஒரு மூவர் இசை எழுதிய நாட்கள்

பிப்ரவரி 4

துருத்தியை விரித்தும் ஒடுக்கியும் பொத்தான்களால் இசைக்கும் பாண்டோனியன், வில்லால் இசைக்கும் நரம்புக் கருவிகளான வயோலா, செல்லோ ஆகிய மூன்று கருவிகளுக்குமாக ஏறத்தாழ 14 நிமிட நீளமுள்ள, சிறு குழுவுக்கான சேம்பர் இசைப் படைப்பொன்றை இன்று எழுதத் தொடங்கினேன். அது முடியும்வரை இந்தக் குறிப்புகளும் தொடரும்.

பாண்டோனியன் என்ற பெயரைக் கேட்டதுமே பெரும்பாலோர் மனத்தில் எழுவது தென்னமெரிக்க நடனமான டாங்கோதான். அந்த ஒலி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த நடனத்தோடு சேர்ந்து வாழ்ந்திருக்கிறது. ஆனால் கருவி பிறந்த இடம் வேறு. 1830-களில் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் கார்ல் ஃப்ரீட்ரிஷ் உலிக் உருவாக்கிய கான்செர்ட்டினா என்னும் சிறு துருத்திக் கருவியைக் க்ரெஃபெல்டைச் சேர்ந்த ஹைன்ரிஷ் பாண்ட் பெரிதாக்கி வளர்த்தெடுத்தார். அவர் பெயரே கருவிக்கு நிலைத்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் இடையிலுள்ள ரியோ டெ லா பிளாட்டா ஆற்று முகத்துவாரத்தின் கரைகளைச் சென்றடைந்தது. புவெனஸ் அய்ரஸும் மான்டெவிடியோவும் அதைத் தமதாக்கிக்கொண்ட பிறகும், இசைக்கலைஞர்கள் விரும்பித் தேடிய கருவிகள் ஜெர்மனியின் சாக்சனியிலுள்ள கார்ல்ஸ்ஃபெல்ட் என்னும் சிற்றூரிலிருந்தே, ஆல்ஃபிரட் ஆர்னால்டின் பட்டறையிலிருந்தே, கடல் கடந்து வந்தன. இந்த வரலாற்றை மீண்டும் படித்தபோது மனத்துக்குத் துணிவு வந்தது. எனினும் முதல் பக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

பிப்ரவரி 9

பாண்டோனியன் இசைக்கவிருக்கும் அம்மையார் இன்று கருவியோடு வந்து மூன்று மணி நேரம் என்னுடன் அமர்ந்தார். வலப்பக்கம் 38, இடப்பக்கம் 33 என 71 பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானும் துருத்தியை இழுத்தால் ஒரு சுரத்தையும் தள்ளினால் வேறொரு சுரத்தையும் தருவதால் 142 ஒலிகள் என்று கணக்கிடுகிறார்கள். ஹார்மோனியத்தின் கட்டைகளைப் போல வரிசையாக ஏறி இறங்கும் ஒழுங்கு இங்கே கிடையாது. கருவி வளர வளரப் புதிய பொத்தான்களைப் பழையவற்றைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டே போனதால், அடுத்தடுத்த சுரங்கள் தொலைவிலும் தொடர்பற்ற சுரங்கள் அருகிலும் கிடக்கின்றன. வலக்கை, இடக்கை, விரிவு, ஒடுக்கம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒருவர் கற்க வேண்டியவை நான்கு தனித்தனி அமைப்புகள்.

இதை நான் நூல்களில் படித்திருந்தேன். ஆனால் விரல்களுக்கு அருகில் அமர்ந்து பார்க்கும்வரை அதன் பொருள் எனக்கு விளங்கியிருக்கவில்லை. நான் எழுதி வைத்திருந்த ஆறு சுரச் சேர்க்கை ஒன்றை அவரிடம் காட்டினேன். துருத்தியை விரித்தபடி அதை எளிதாக இசைத்துக் காட்டிவிட்டுச் சொன்னார்: “இதே சேர்க்கையை ஒடுக்கும்போது கேட்டிருக்கிறீர்கள். அப்போது என் சுண்டுவிரல் எங்கே போக வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.” வலக்கைக் கட்டைவிரல் காற்றுத் திறப்பு நெம்புகோலில் இருப்பதால், இசைப்பதற்கு எஞ்சியிருப்பவை பக்கத்துக்கு நான்கு விரல்கள்தாம். அந்தச் சேர்க்கை ஒடுக்கத்தில் நான்கு விரல்களின் எல்லைக்கு வெளியே சிதறிக் கிடந்தது.

பிப்ரவரி 11

பியானோவில் அமர்ந்து எழுதிய மூன்று பக்கங்களையும் நீக்கிவிட்டேன்.

பிப்ரவரி 20

சுரங்களுக்கு முன்பாகத் துருத்தியை எழுதுவது என்று முடிவு செய்து, ஒன்பது நாட்களாக அதையே செய்துவருகிறேன். கோடிட்ட தாளில் முதலில் அம்புக்குறிகள் மட்டும்: எத்தனை நொடி விரிவு, எத்தனை நொடி ஒடுக்கம், எங்கே திசை மாறும் இடத்தில் மௌனம், எங்கே மௌனமின்றித் திரும்புதல். அதன் பிறகே இரண்டு குறிப்பேடுகளைத் திறந்தேன். விரிவில் கைக்குள் அடங்கும் சேர்க்கைகள் ஒன்றிலும், ஒடுக்கத்தில் அடங்குபவை மற்றொன்றிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவானவை நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஆகவே படைப்பின் இசைவுகள் துருத்தியின் திசையோடு தாமாகவே மாறத் தொடங்கியிருக்கின்றன. விரிவில் அகன்ற, இடைவெளி மிகுந்த சேர்க்கைகளையும் ஒடுக்கத்தில் நெருக்கமான, ஒன்றோடொன்று உரசும் சேர்க்கைகளையும் தேர்ந்துகொண்டேன். கேட்பவருக்கு இந்த ஏற்பாடு தெரிய வேண்டியதில்லை. ஒரு பெரிய உயிர் மூச்சு வாங்கி விடும்போது அறையின் நிறமே மாறுவதுபோல் அவர் உணர்ந்தால் போதும்.

டாங்கோ இசைப்பவர்கள் பெரும்பாலும் விரிக்கும்போதுதான் இசைப்பார்கள் என்பதையும், காற்றுத் திறப்பை அழுத்தித் துருத்தியை விரைந்து மூடிக்கொண்டு மீண்டும் விரிப்பார்கள் என்பதையும் அம்மையார் சொல்லியிருந்தார். துருத்தியின் எடை தொடைமேல் சரிந்து இறங்க, அந்த அசைவிலிருந்தே அழுத்தமான தாளம் பிறக்கிறது. ஒடுக்கத்துக்கும் விரிவுக்கும் சம நேரம் கொடுப்பதாலேயே அந்த உடலசைவு பெருமளவு மாறிவிடுகிறது. டாங்கோவிலிருந்து விலக நான் தேடிக்கொண்டிருந்த வழி தாளத்தில் கிடைக்கவில்லை. அது கையின் நடையில் கிடைத்திருக்கிறது.

பிப்ரவரி 27

எவ்வளவு நேரம் ஒரு மூச்சு நிற்கும் என்பதை இன்று அளந்தோம். நடு ஸ்தாயியில் ஒற்றைச் சுரத்தை மிக மென்மையாகப் பிடித்தால் ஒரே திசையில் 40 நொடி வரை தாங்குகிறது. இரு கைகளிலும் எட்டுச் சுரங்களை முழு வலிமையோடு எழுப்பினால் 4 நொடியில் துருத்தி தீர்ந்துவிடுகிறது. தாழ்ந்த சுரங்களின் ரீடுகள், அதாவது காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்குகள், பெரியவை என்பதால் அவை காற்றை அதிகம் உண்கின்றன. விழித்தெழவும் சற்று நேரம் எடுத்துக்கொள்கின்றன. வேகமான அசைவை ஆழத்தில் எழுதினால் பாதி சுரங்கள் பேசுவதற்குள் கடந்துபோய்விடும்.

இன்னொரு சிக்கல் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. இரு பக்கங்களுக்கும் துருத்தி ஒன்றே. உள்ளிருக்கும் அழுத்தமும் ஒன்றே. பியானோவில் வலக்கை மெட்டை உரக்கவும் இடக்கைத் துணையை மெல்லவும் இசைப்பது குழந்தைகளுக்கும் இயலும். இங்கே அப்படி ஒரு குரலை மட்டும் உயர்த்த வழியில்லை. மெட்டு தெளிவாக ஒலிக்க வேண்டுமானால் துணைச் சுரங்களைக் குறைக்க வேண்டும், அல்லது குறுகலாக வெட்டி இசைக்க வேண்டும், அல்லது வேறு ஸ்தாயிக்கு நகர்த்த வேண்டும். இடப்பக்கத்தில் ஒலி ஒரு மரப்பெட்டியின் வழியாக வெளிவருவதால் சற்று இருண்டிருக்கிறது. வலப்பக்கம் கூர்மையாக இருக்கிறது. இந்த வேறுபாடு எனக்குப் போதிய இடம் தந்தது. இசைப்பவரின் இடப்பக்கம் செல்லோவும் வலப்பக்கம் வயோலாவும் அமர வேண்டும் என்று ஸ்கோரின், அதாவது இசைக்குறிப்புப் பிரதியின், முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். இருண்ட பக்கத்துக்கு இருண்ட நரம்பு துணையிருக்கட்டும்.

மார்ச் 6

இந்த வேலை முழுவதிலும் இதுவரை எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த நாள் இதுவே.

பாண்டோனியனின் மிகத் தாழ்ந்த சுரமும் செல்லோவின் மிகத் தாழ்ந்த திறந்த நரம்பும் ஒரே சுரம்: மேலை இசையில் சி (C) எனப்படுவது. செல்லோ கலைஞரிடம் அந்த நரம்பைப் பாண்டோனியனின் சியோடு சரியாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டேன். அப்போது அதன் அதிர்வெண் ஏறத்தாழ 65.4 ஹெர்ட்ஸ். அந்த நரம்பின் ஐந்தாவது சீரிசை, அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் ஐந்து மடங்கில் எழும் ஒலி, 327 ஹெர்ட்ஸில் ‘ஈ’ (E) சுரமாக ஒலிக்கிறது. பாண்டோனியனின் ‘ஈ’ சுரமோ, ஸ்தாயியைப் பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பிரிக்கும் சமப் பகுப்பில் சுருதி சேர்க்கப்பட்டிருப்பதால் 329.6-இல் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக நீளும்போது நொடிக்கு இரண்டு மூன்று முறை ஒலி தணிந்து எழும் விம்மல் பிறக்கிறது. ஏழாவது சீரிசையை எடுத்துப் பாண்டோனியனின் பி ஃபிளாட் சுரத்தோடு சேர்த்தால் வேறுபாடு 8 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் போகிறது. விம்மல் ஒரு நடுக்கமாக மாறிவிடுகிறது. பாண்டோனியனில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் இரண்டு ரீடுகள் சேர்ந்தே ஒலிப்பதால், மேலே இன்னொரு விம்மல் இருமடங்கு வேகத்தில் கேட்கிறது.

அதைவிட வியப்பானது அடுத்து நடந்தது. அம்மையார் துருத்தியின் அழுத்தத்தை மெல்லக் கூட்டினார். அழுத்தம் கூடும்போது ரீடின் சுருதி மயிரிழையளவு இறங்கும். பாண்டோனியன் மேலேயும் செல்லோ கீழேயும் இருப்பதால், ஒலி வலுக்க வலுக்க விம்மல் மெதுவாகியது. உரக்கப் போகப் போக அமைதியடையும் ஓர் ஒலியை நான் இதற்கு முன் எழுதியதில்லை. இரண்டாம் பகுதி முழுவதையும் இதன்மேல் கட்டப்போகிறேன். இந்த விம்மல்களைத் தாள வேகத்தைக் காட்டும் மெட்ரோனோம் எண்ணால் குறிப்பது வீண் வேலை. “இருவரும் கேட்டுக்கொண்டே, அசைவு பாதியாகும்வரை” என்று சொற்களில் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 8

வயோலாவுக்கு இரண்டாம் பகுதியில் என்ன வேலை என்று தெரியவில்லை. இப்போதைக்கு மௌனம்.

மார்ச் 15

முன்னோர்களின் படைப்புகளைக் கேட்பதிலேயே இந்த வாரம் கழிந்தது. அலெஹாண்ட்ரோ பார்லெட்டா, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையைப் பாண்டோனியனில் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர். புதிய படைப்புகள் அவருக்காக எழுதப்பட்டன. புவெனஸ் அய்ரஸில் பிறந்து கொலோனில் குடியேறிய மௌரிசியோ காகெல் 1960-இல் தனிப் பாண்டோனியனுக்கு ‘பாண்டோராஸ்பாக்ஸ்’ எழுதினார். அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் 1964-இல் அக்கார்டியனுக்கும் பாண்டோனியனுக்கும் எழுதிய இருவர் இசையில் ஒரு மைனாவுக்கும் இடமிருந்தது. அதில் பாண்டோனியன் இசைத்த டேவிட் டியூடர், 1966 அக்டோபரில் நியூயார்க்கில் அந்தக் கருவியின் ஒலியைக் கொண்டே ஒரு பெரிய கூடத்தின் மின்னணு ஒலிகளையும் விளக்குகளையும் இயக்கினார்.

இவர்களைக் கேட்கும்போது எனக்கு நன்றியுணர்வே மேலோங்குகிறது. ஆனால் நான் அடிக்கடி திரும்பிச் செல்வது பாண்டோனியன் கலைஞர் டீனோ சலூசி, ரோசாமுண்டே என்னும் நரம்புக் கருவி நால்வர் குழுவோடு செய்த பதிவுக்குத்தான். அதில் பாண்டோனியன் நரம்புக் கருவிகளுக்கு முன்னால் நின்று பேசுவதில்லை. அவற்றுக்கு நடுவே அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. அர்ஜென்டினாவின் டாங்கோ இசையமைப்பாளர் பியாசொல்லா 1979-இல் பாண்டோனியனுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய கான்செர்ட்டோவை நான் மிகவும் மதிக்கிறேன் என்றாலும், அதன் மூன்று, மூன்று, இரண்டு என்று பிரியும் எட்டின் தாளக் கணக்கு அவ்வளவு வலுவானது; அதை ஒரே ஒரு முறை தொட்டாலும் என் படைப்பு அவர் வீட்டுக்குள் போய்விடும்.

மார்ச் 29

டாங்கோவின் அடையாளங்கள் எதுவும் கூடாது என்று நான் எழுதி வைத்திருந்த தடைப் பட்டியலை இன்று கிழித்தேன். ஒரு மாதமாக அது என்னைத் தவறாக வழிநடத்தியிருக்கிறது. ஒவ்வொரு சந்தத்திலும் எதையோ தவிர்க்கிறேன் என்பது இசையில் கேட்கிறது; முதல் பகுதியின் நடுவில் இசையே அஞ்சி ஒதுங்கி நடப்பதுபோல் இருக்கிறது.

டாங்கோவில் ‘அர்ரஸ்த்ரே’ என்றொரு வழக்கம் உண்டு. அடுத்த தாளத் தட்டு விழுவதற்குச் சற்று முன்பாகவே தாழ்ந்த சுரங்களை இழுத்துக்கொண்டு வந்து தட்டின்மேல் மோதுவது அது. நொடியின் ஒரு பகுதிக்குள் முடிந்துவிடும். அதையே 35 நொடிக்கு நீட்டினால் என்ன ஆகும் என்று அம்மையாரிடம் கேட்டேன். இடக்கையில் ஒரு சுரம் கேட்குமோ கேட்காதோ என்ற அளவில் தொடங்கி, ஒவ்வொன்றாக அடுத்தவை சேர, அழுத்தம் ஏறிக்கொண்டே போய், கடைசியில் வர வேண்டிய தட்டு வராமலே துருத்தி திசை மாறியது. செல்லோ அதே ஏற்றத்தை வில்லின் அழுத்தத்தால் செய்தது. இதுவரை இடமின்றி நின்ற வயோலா, அந்த வராத தட்டின் இடத்தில் ஒற்றைச் சுரத்தை மெல்ல மீட்டியது. மூன்றாம் பகுதி இப்படித்தான் தொடங்கும். அந்த ஓசையின் வேர் எங்கிருக்கிறது என்பதை அறிந்தவர்கள் அறிந்துகொள்ளட்டும். அதை மறைக்க எனக்கு இனி விருப்பமில்லை.

ஏப்ரல் 17

மூவரும் சேர்ந்த முதல் ஒத்திகை. இரண்டாம் பகுதியின் விம்மல்கள் நாங்கள் நம்பியதைவிட எளிதாக அமைந்தன. ஒரே குறை: அறை வெப்பமேறியதும் செல்லோவின் சி நரம்பு இறங்கிவிட, பகுதிகளுக்கு இடையே மீண்டும் சுருதி சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கான நேரத்தை ஸ்கோரிலேயே எழுதிவிடுவேன். செல்லோ தன் சியைத் தேடிச் சேரும் ஒலியே மூன்றாம் பகுதிக்குப் பாலமாகிவிடும்.

முடிவில் பாண்டோனியன் காற்றுத் திறப்பை மட்டும் அழுத்திச் சுரமேதும் இல்லாமல் ஒடுங்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். 6 நொடி என்று குறித்திருந்தேன். அம்மையார் முதல் முறை அப்படியே செய்தார். அடுத்த முறை நெம்புகோலைப் பாதி மட்டும் அழுத்தி, துருத்தி தன் எடையாலேயே இறங்கும்படி விட்டுவிட்டார். 19 நொடி ஆயிற்று. நரம்புக் கலைஞர்கள் இருவரும் வில்லைத் தாழ்த்தாமல் அதுவரை காத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தில் 6 என்ற எண்ணை அடித்துவிட்டு, “துருத்தி தானாக நிற்கும்வரை” என்று எழுதினேன்.