லைசியத்தின் நான்கு உயில்கள்

அரிஸ்டாட்டிலின் பள்ளியைத் தொடக்கத்தில் நடத்திய நால்வரும் எழுதிவைத்த உயில்கள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. மெய்யியலாளர்களின் வாழ்க்கையைத் தொகுத்த டயோஜெனீஸ் லேயர்ஷியஸ் அவற்றைத் தம் நூலின் ஐந்தாம் பகுதியில் சேர்த்திருக்கிறார். ஒரு பள்ளி கைமாறிய விதத்தைத் தலைவர்களின் சொற்களிலேயே அறிய இவற்றை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

முதல் உயிலில் பள்ளியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அலெக்சாண்டர் இறந்த கி.மு. 323இல் ஏதென்ஸை விட்டு வெளியேறி, மறு ஆண்டு கால்கிஸ் நகரில் இறந்த அரிஸ்டாட்டில், மகளின் திருமணம், தம்முடன் வாழ்ந்த ஹெர்பில்லிஸ் குடியிருக்க வேண்டிய வீடு, அடிமைகளின் விடுதலை போன்ற சொந்த விஷயங்களையே எழுதிவைத்தார். அவர் ஏதென்ஸில் குடியேறிய வெளியூர்க்காரர். நிலம் வாங்கும் உரிமை அவருக்கு இல்லை. அவர் பாடம் சொன்ன லைசியமோ நகர மதிலுக்கு வெளியே அப்பல்லோ தெய்வத்துக்கு உரியதாக இருந்த பொது உடற்பயிற்சிக் களம். எனவே எழுதிவைக்க அங்கே அவருக்கென்று எந்தச் சொத்தும் இருக்கவில்லை. அடுத்த தலைவர் யார் என்று மாணவர்கள் கேட்டபோது, அவர் ரோட்ஸ் தீவின் மதுவையும் லெஸ்போஸ் தீவின் மதுவையும் வரவழைத்துச் சுவைத்து, இரண்டும் நல்லவை, ஆனால் லெஸ்போஸ் மது இனிமை மிக்கது என்று சொன்னதாக ரோமானிய எழுத்தாளர் கெல்லியஸ் ஒரு கதை சொல்கிறார். தம் மாணவர்களில் ரோட்ஸின் யூடெமஸைத் தவிர்த்து லெஸ்போஸின் தியோஃபிராஸ்டஸைத் தேர்ந்தார் என்பது அதன் பொருள். கதை அழகானது, ஆனால், உயில் விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்பப் பின்னாளில் எழுந்த கதையாகவே அதை நான் கருதுகிறேன்.

பள்ளிக்குச் சொந்த நிலம் கிடைத்தது தியோஃபிராஸ்டஸின் காலத்தில்தான். அவருடைய மாணவரும் கி.மு. 317 முதல் 307 வரை ஏதென்ஸை ஆண்டவருமான ஃபலேரம் டெமெட்ரியஸின் உதவியால் அவர் ஒரு தோட்டத்தைப் பெற்றார். டெமெட்ரியஸின் ஆட்சி வீழ்ந்ததும், ஆட்சிக்குழுவும் மக்களவையும் ஒப்புதல் தராமல் எவரும் மெய்யியல் பள்ளிக்குத் தலைமை வகிக்கக் கூடாது, மீறினால் மரண தண்டனை என்று சோஃபக்கிளீஸ் என்பவர் (நாடகாசிரியர் அல்லர்) சட்டம் கொண்டுவர, மெய்யியலாளர்கள் நகரை விட்டு வெளியேறினார்கள். மறு ஆண்டே அச்சட்டம் முறையற்றது என்று நீக்கப்பட்டு, அதை முன்மொழிந்தவருக்கு 5 தாலந்து அபராதமும் விதிக்கப்பட்டதால் அவர்கள் திரும்பி வந்தார்கள்.

இத்தனையையும் கண்ட ஒருவர் எழுதிய உயில் என்பதை மனத்தில் கொண்டு தியோஃபிராஸ்டஸின் உயிலைப் படிக்க வேண்டும். தோட்டத்தையும் நடைபாதையையும் அருகிலிருந்த வீடுகளையும் அவர் ஒருவருக்கு எழுதிவைக்கவில்லை. பத்து நண்பர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே சேர்ந்து கற்கவும் மெய்யியலில் ஈடுபடவும் விரும்புவோருக்கு அவற்றைப் பொதுவாக விட்டுச்சென்றார். யாரும் விற்கக் கூடாது, தனக்கென்று எடுத்துக்கொள்ளக் கூடாது, கோயிலைப் போல அனைவரும் பொதுவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. அரிஸ்டாட்டிலின் பேரன் விரும்பினால் அவனையும் சேர்த்துக்கொண்டு, மூத்தவர்கள் அவனை அக்கறையுடன் வளர்க்க வேண்டும் என்கிறார். அரிஸ்டாட்டிலின் சிலையை மீண்டும் நிறுவுவதற்கும், உலக வரைபடங்கள் வரைந்த பலகைகளைக் கீழ்மண்டபத்தில் வைப்பதற்கும், ஆடம்பரமின்றித் தம்மைத் தோட்டத்திலேயே ஒரு மூலையில் அடக்கம் செய்வதற்கும் அதில் குறிப்புகள் உண்டு.

ஆனால் நூல்கள் அனைத்தையும் அந்தப் பதின்மரில் ஒருவரான நெலியஸ் என்பவருக்கு மட்டும் கொடுத்தார். அடுத்த தலைவராக நெலியஸே வருவார் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். தலைமையோ லாம்ப்சகஸ் ஊரைச் சேர்ந்த ஸ்ட்ராட்டோவிடம் சென்றது. நெலியஸ் நூல்களைத் தம் ஊரான ஸ்கெப்சிஸுக்குக் கொண்டுபோக, அங்கே பெர்கமம் அரசர்களின் நூல் வேட்டைக்கு அஞ்சிய அவருடைய வழிவந்தோர் அவற்றை மண்ணுக்கடியில் மறைத்தார்கள், ஈரமும் பூச்சியும் அரித்த ஏடுகளைப் பின்னர் அபெல்லிகோன் என்னும் செல்வர் விலைக்கு வாங்கினார், கி.மு. 86இல் ஏதென்ஸைப் பிடித்த ரோமானியத் தளபதி சுல்லா அவற்றை ரோமுக்கு எடுத்துச் சென்றார். இது கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ராபோ தரும் வரலாறு. நெலியஸ் அந்நூல்களை அலெக்சாண்டிரியாவின் தாலமி அரசருக்கு விற்றார் என்று கிரேக்க எழுத்தாளர் அதெனேயஸ் வேறொரு செய்தி தருகிறார்.

நூல்களை இழந்ததால்தான் பிற்காலத் தலைவர்கள் சொல்லலங்காரத்தில் இறங்கினார்கள் என்பது ஸ்ட்ராபோவின் முடிவு. பலர் இதை அப்படியே ஏற்கிறார்கள், என்னால் முடியவில்லை. ஸ்ட்ராட்டோ இயற்கை ஆய்வில் அரிஸ்டாட்டிலையே மறுக்கும் அளவுக்குத் துணிவுடையவர். அவருடைய உயிலில், தாம் எழுதியவை நீங்கலாக மற்ற நூல்கள் எல்லாம் தமக்கு அடுத்த தலைவரான லைகோவுக்கு என்று தெளிவாக உள்ளது. நெலியஸ் போன பிறகும் பள்ளியில் நூல்கள் இருந்தன என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? அதே உயிலில் உள்ள மற்றொரு வரிதான் எனக்கு வருத்தம் தருவது: மற்றவர்களில் சிலர் மிகவும் முதியவர்கள், சிலருக்கு வேறு அலுவல்கள், ஆகவே பள்ளியை லைகோவிடம் விடுகிறேன் என்று அவர் எழுதுகிறார். பத்துப் பேரை நம்பி எழுதப்பட்ட பள்ளி, ஒரே தலைமுறையில், எஞ்சியிருந்தவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பேச்சின் இனிமைக்காகப் புகழ்பெற்ற லைகோ 44 ஆண்டுகள் தலைவராக இருந்தார். ஆய்வில் அவர் விட்டுச்சென்றது சொற்பம். எனினும் தம் உயிலில் அவர் தியோஃபிராஸ்டஸின் வழிக்கே திரும்பினார். பள்ளியை மீண்டும் பத்து நண்பர்களிடம் விட்டு, இப்பணியில் நிலைத்து நின்று அதை வளர்க்கக் கூடியவர் என்று அவர்கள் யாரைக் கருதுகிறார்களோ அவரை அவர்களே தலைவராக அமர்த்திக்கொள்ளட்டும் என்றார். அந்தப் பதின்மரில் ஒருவரான கியோஸ் தீவின் அரிஸ்டனே அடுத்துத் தலைமை ஏற்றார் என்று கருதப்படுகிறது.