தும்பா கோயிலுக்கு அப்பாவைக் கூட்டிப் போனேன்

என் அப்பா குளச்சல்காரர். 1963 நவம்பர் 21 அன்று அவருக்குப் பத்து வயது. பொழுது சாய்ந்த நேரம், கரையில் ஏற்றிவைத்த கட்டுமரங்களுக்கு நடுவே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும்போது வடமேற்கு வானத்தில் திடீரென்று ஒரு ஆரஞ்சு நிற மேகம் பூத்ததாம். அது சூரியன் விழுந்த இடம் இல்லை, மழை மேகமும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டு, நெளிந்து, கலைந்து போனதாம். பாட்டி ஓடிவந்து பிள்ளைகளையெல்லாம் வீட்டுக்குள் இழுத்துப்போட்டு ஜெபமாலை சொல்ல வைத்திருக்கிறாள். ஓரிரு நாளில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்துசேர, பாட்டி இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். அந்த மேகம் ஒரு அடையாளம் என்று சாகும்வரை சொன்னாள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வாள்.

அது திருவனந்தபுரத்தை ஒட்டிய கடற்கரை ஊரான தும்பாவிலிருந்து போன ராக்கெட் என்று அப்பாவுக்குப் பிற்பாடு தெரியும். ஆனால் தும்பாவை அவர் பார்த்ததில்லை. குளச்சலிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் அறுபது கிலோமீட்டர்கூட இருக்காது. திருவனந்தபுரத்துக்கு ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். இந்த வருஷம் அவருக்கு முட்டுவலி கூடிக்கொண்டே போவதைப் பார்த்ததும், இனி தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியது. அங்கே இஸ்ரோவின் விண்வெளி மியூசியம் இருப்பது பலருக்குத் தெரியும். அது ஒரு பழைய கிறிஸ்தவக் கோயில் கட்டடத்துக்குள் இருக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. அப்பாவிடம் அதைச் சொன்னதும், "கோயிலுக்குள்ளயா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். போகலாம் என்று அப்போதே முடிவாகிவிட்டது.

வயதானவர்களை அழைத்துப் போக நினைப்பவர்களுக்காகப் போன வழியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். மியூசியம் இருப்பது விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் வளாகத்தை ஒட்டி. நாடே காவல் காக்கிற இடம். அதனால் சும்மா ஒரு பார்க்குக்குப் போவதுபோல் கிளம்பிவிட வேண்டாம். முந்தைய வாரமே திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் அவர்களுடைய இணையதளத்தில் பார்த்து வைத்தேன். ஆளுக்கொரு அசல் அடையாள அட்டையை எடுத்துவைத்தேன். பெரிய பை எதுவும் இல்லை. தண்ணீர், அப்பாவின் மாத்திரை, ஒரு குடை, அவ்வளவுதான். ஞாயிறு, பண்டிகை நாட்களைத் தவிர்த்து வாரநாளாகப் பார்த்துப் போனோம்.

இரணியலில் காலை ரயில் ஏறி திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கினோம். அங்கிருந்து ஆட்டோ. இங்கேதான் ஒரு மணி நேரம் வீணானது. நான் விண்வெளி மையத்தின் பெயரைச் சொன்னேன், ஆட்டோக்காரர் நேராக ஊழியர்கள் போகும் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். வளாகம் பெரியது, வாசல்கள் பல. அங்கே காவலில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது இல்லை, சுற்றிப் போக வேண்டும் என்று வழி சொன்னார். ஆட்டோவை அதற்குள் அனுப்பிவிட்டேன். வெயிலில் அப்பாவை நிறுத்திவைத்துக்கொண்டு அடுத்த ஆட்டோவுக்குக் காத்திருந்தது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது ஆட்டோக்காரரிடம் அப்பாவே பேசினார். "தும்பையில பழைய பள்ளி" என்றார். அவ்வளவுதான், அவருக்குப் புரிந்துவிட்டது. மலையாளத்தில் பள்ளி என்றால் கோயில். பக்கத்து ஊரின் பெயரே பள்ளித்துறை, கோயில் இருக்கும் துறை. போகிறவர்கள் ஆட்டோ ஏறும்போதே விண்வெளி மியூசியம், பழைய பள்ளி என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

வாசலில் அட்டையைக் காட்டி, பெயர் எழுதி, பையைத் திறந்து காட்டி உள்ளே போனோம். எங்கே படம் எடுக்கலாம், எங்கே கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.

கட்டடத்தைப் பார்த்ததும் அப்பா நின்றுவிட்டார். நம் ஊர்ப் பக்கத்துக் கடற்கரைகளில் இருக்கிற அதே சாயல். படியேறுமுன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வேண்டாம், போட்டுக்கொண்டே போகலாம் என்று அங்கிருந்தவர் சொன்னார். அப்பா சிரித்துவிட்டு வெறுங்காலுடனே உள்ளே போனார். நானும் கழற்றினேன்.

அந்தக் கோயில் எப்படி ராக்கெட் நிலையமானது என்கிற கதையை அங்கேதான் அப்பா முழுசாகக் கேட்டார். 1960-களின் தொடக்கத்தில், இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிவைத்த விஞ்ஞானி விக்ரம் சாராபாய் ராக்கெட் ஏவ இடம் தேடினார். பூமியின் இரண்டு காந்த முனைகளுக்கும் நடுவில் ஓடும் காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே, நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் ஆறு மாதிரி ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது, விழுந்துவிடும். நடுவில் இருக்கும் அந்த அடுக்குக்குள் போய்ப் பார்த்துவர சின்ன ராக்கெட்டால்தான் முடியும். அதனால்தான் இந்த மணல்.

ஆனால் அந்த மணலில் மீனவக் குடும்பங்கள் இருந்தன, மகதலா மரியாளின் கோயில் இருந்தது. சாராபாய் அப்போதைய ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவைப் போய்ப் பார்த்தார். ஆயர் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரச் சொல்லி, ஜனங்கள் முன்னால் விஷயத்தை எடுத்துவைத்துக் கேட்டார். ஜனங்கள் ஆமென் என்றார்கள். அப்துல் கலாம் இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஊர் பெயர்ந்து, புதுக் கோயில் கட்டிக்கொண்டது. ஆயர் வீடு அலுவலகமானது. கோயிலுக்குள் ராக்கெட் வேலை நடந்தது.

அப்பா இதைக் கேட்டு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "கரையை விட்டுக் குடுக்கிறது லேசு இல்ல மக்ளே" என்றார். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியும். வீட்டை மாற்றலாம். கட்டுமரம் இறக்குகிற துறையை மாற்றினால் அலையும் நீவாடும், அதாவது கடல் நீரோட்டமும், எல்லாம் புதுசு. இந்தியாவின் விண்வெளிச் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் விஞ்ஞானிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறார்கள், சொல்ல வேண்டியதுதான். அந்த ஆமென் சொன்னவர்களையும் அதே பக்கத்தில் வைக்க வேண்டும் என்று எனக்கு அங்கே நிற்கும்போது உறுதியாகத் தோன்றியது.

முதல் ராக்கெட்டைப் பற்றிச் சொல்லும் பகுதிதான் அப்பாவுக்காக நான் வந்த இடம். அமெரிக்காவின் நைக்கி அப்பாச்சி. உள்ளே வைத்த கருவி பிரான்ஸ் நாட்டுடையது. ராக்கெட்டை இணைத்துப் பொருத்தும் வேலையிலும் பாதுகாப்பிலும் இருந்தவர் இளவயது கலாம், நாசாவில் பயிற்சி முடித்து வந்திருந்தவர். மாலை 6.25-க்கு ஏவினார்கள். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உயரம் போன அது வழியில் சோடியம் ஆவியை வெளியே விட்டது. கீழே நமக்குப் பொழுது இருட்டிவிட்டது, ஆனால் அவ்வளவு உயரத்தில் இன்னும் வெயில் இருக்கும். அந்த வெயில் பட்டதும் சோடியம் ஆரஞ்சாக ஒளிரும். அது எப்படி நெளிகிறது என்று கீழேயிருந்து படம் பிடித்தால் மேலே காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று கணக்கிடலாம். அந்தி நேரத்தைத் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான்.

எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தவர் இளைஞர், மலையாளம் கலந்த தமிழில் பேசினார். அப்பா தான் பார்த்ததைச் சொன்னார். எந்தப் பக்கம் தொடங்கியது, எப்படி நீண்டது, எப்படி முறுக்கிக்கொண்டது என்று கையை வீசிக் காட்டினார். அந்தப் பையன் விளக்குவதை நிறுத்திவிட்டு, "அங்கிள், நேரில் பார்த்த ஆளை நான் இப்போதான் பார்க்கிறேன்" என்றான். பிறகு அவன் கேட்க, அப்பா சொல்ல, நான் ஒதுங்கி நின்றுகொண்டேன்.

சோடியம் என்றால் என்ன என்று அப்பா கேட்டார். "உப்பில் இருக்கிறதுதான் அங்கிள்" என்றான். அப்பா இரண்டு தடவை திருப்பிக் கேட்டார்.

மற்றவற்றையும் பார்த்தோம். சைக்கிள் கேரியரில் ராக்கெட்டின் மூக்குப்பகுதியைக் கொண்டுபோகும் அந்தக் காலத்துக் காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டோம். 1967 நவம்பர் 20-ல் இங்கிருந்தே போன ஆர்.எச்.-75, இந்தியாவே செய்த முதல் ராக்கெட், 75 மில்லிமீட்டர்தான் விட்டம். "நம்ம வீட்டுத் தண்ணிக் குழாய் அளவு" என்றார் அப்பா. அதற்குப் பிறகு 13 வருஷத்தில், 1980 ஜூலை 18-ல் எஸ்.எல்.வி.-3 என்ற ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. அது 22 மீட்டர் உயரம். முந்தைய வருஷம் ஆகஸ்டில் முதல் முயற்சி கடலில் விழுந்திருந்தது. பின்னால் வந்த பி.எஸ்.எல்.வி. ராக்கெட் 44 மீட்டர். மாதிரிகளை வரிசையாகப் பார்க்கும்போது இந்த வளர்ச்சி கண்ணுக்கே தெரிகிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த வரிசைப்படியே நடந்து போங்கள், அவசரப்பட்டு பெரிய ராக்கெட்டுக்குத் தாவிவிட வேண்டாம்.

அப்பாவுக்குப் பிடித்தது ஆர்.எச்.-200. ஆள் உயரத்தில் இரண்டு மடங்கு இருக்கும், மெல்லிசு. பெரிய ராக்கெட்டுகள் எல்லாம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போகின்றன, தும்பாவிலிருந்து இன்றும் போவது இந்த மாதிரி சின்னவை. இது மேலே போய் மெல்லிய செம்புத் துகள்களைத் தூவிவிடுமாம். அவை காற்றில் மிதந்து போவதை ரேடாரில் பின்தொடர்ந்து காற்றின் போக்கை அறிகிறார்கள். நாற்பது வருஷம் கச்சான் காற்றையும் கொண்டல் காற்றையும் கண்ணாலும் கன்னத்தாலும் பார்த்துத் தொழிலுக்குப் போன மனுஷர் அப்பா. "அப்ப இவனுகளும் காத்துதான் பாக்கானுவ" என்றார். அவர் குரலில் இருந்த உரிமையை நான் மறக்க மாட்டேன். பொதுமக்கள் வந்து இந்த ராக்கெட் ஏவுவதைப் பார்க்கிற நாட்களும் உண்டு. தேதியை முன்கூட்டியே விசாரித்து, அதற்கேற்பக் கிளம்புவது நல்லது. நாங்கள் போன நாள் அப்படி அமையவில்லை.

மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆனது. இளைஞர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். முட்டுவலி உள்ளவர்கள் இடையிடையே உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும், அதற்குத் தக்க நேரம் வைத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். வெளியே வந்து ஒரு சின்னக் கடையில் மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டோம். அப்பாவுக்குப் பள்ளித்துறையில் அந்த ஜனங்கள் கட்டிக்கொண்ட புதுக் கோயிலையும் பார்க்க வேண்டும் என்று ஆசை. போனோம். அங்கே உள்ளே போய்க் கொஞ்ச நேரம் முழங்கால் வலியோடேயே மண்டியிட்டார். எதற்காக என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் ரயிலில், நெய்யாற்றின்கரை தாண்டும்போது என் போனை வாங்கி அத்தைக்குப் போட்டுத் தரச் சொன்னார். அத்தைக்குக் காது மந்தம், பெட்டியே கேட்கும்படி பேசினார்.

"எக்கா, நான் தும்பைக்குப் போயிட்டு வாரேன். அந்தச் செவப்பு மேகம் இருக்குல்லா, அம்மா நம்மள ஜெபமால சொல்ல வச்சாளே. அது உப்புக்கா. உப்புல உள்ளதுதான்."

அந்தப் பக்கம் அத்தை என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சரிக்கா, அதும் சரிதான்" என்றார்.